களைப்பை மறைக்கும் பொடி

2015-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள நார்தம்பிரியாப் பல்கலைக் கழகத்தில் ஒரு சோதனை நடைபெற்றது. காப்பியின் சாரமாகிய காஃபீன், தேகப்பயிற்சி செய்வோரின் ஆற்றலை எவ்வளவு மாற்றுகிறது என்று அளந்து அறிவதே அதன் நோக்கம். விளையாட்டு விஞ்ஞானம் பயின்றுவந்த இரண்டாம் ஆண்டு மாணவர் இருவர் தாமே முன்வந்து சோதனைக்கு உட்பட்டனர். ஒவ்வொருவருக்கும் 0.3 கிராம் காஃபீனைக் கலந்து கொடுப்பது திட்டம். கணக்கைக் கைப்பேசியில் போட்டார்கள். தசமப் புள்ளி இரண்டு இடம் தள்ளி விழுந்துவிட்டது. 0.3 கிராமுக்குப் பதிலாக 30 கிராம் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 300 கோப்பைக் காப்பியை ஒரே மூச்சில் அருந்தியதற்கு அது சமமாகும். 18 கிராம் உட்கொண்டவர் இறந்துபோனதாக மருத்துவ ஏடுகளில் முன்னரே பதிவாகியிருந்தது. மாணவர் இருவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்தம் செய்து காப்பாற்றினார்கள். 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் நீதிமன்றம் அந்தப் பல்கலைக் கழகத்துக்கு 4 லட்சம் பவுன் அபராதம் விதித்தது.

நேயர்களே, மாணவ மாணவியரே! தராசும் அளவுக் குடுவையும் கற்றறிந்தோர் மேற்பார்வையும் உள்ள இடத்திலேயே இப்படி ஒரு பிழை நேரக்கூடுமானால், தேகப்பயிற்சிச் சாலையின் ஒரு மூலையில் நின்றுகொண்டு, டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியால் பொடியை அள்ளித் தண்ணீரில் கொட்டிக் குலுக்கும் ஓர் இளைஞனுடைய நிலை என்ன? அந்தப் பொடியைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். 'ப்ரீ-ஒர்க்கவுட்' என்று அதற்குப் பெயர். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு உட்கொள்ளும் ஊக்கப்பொடி என்று நாம் சொல்லலாம். தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுழற்றிய நம் பழைய பயில்வான்கள் பாலும் பாதாமும் உண்டார்கள். இன்று ஜிம் என்று வழங்கும் இடங்களில் இந்த டப்பாக்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் எழுதியுள்ள பெயர்களைப் படித்தால் தேகப்பயிற்சிச் சாலைக்கு வந்தோமா, வெடிமருந்துக் கிடங்குக்கு வந்தோமா என்ற ஐயம் உண்டாகும்.

அதனுள் என்ன இருக்கிறது? பெயர்ச்சீட்டில் பத்துப் பதினைந்து பொருள்கள் காணப்படும். ஆனால் உட்கொண்ட சிறிது நேரத்தில் உள்ளம் துள்ளுவதற்கும் கண்கள் அகல விரிவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், அது காஃபீன். மற்றவற்றுள் ஒன்று பீட்டா-அலனைன் என்னும் அமினோ அமிலம். அதை உண்டால் முகத்திலும் கைகளிலும் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு ஏற்படும். "பொடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது" என்று இளைஞர்கள் மகிழ்கிறார்கள். அது தோலிலுள்ள நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் வரும் உணர்ச்சியே, தீங்கற்றது. ஆனால் தசையின் வலிமைக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. கிரியேட்டின் என்ற மற்றொரு பொருளுக்கு நல்ல பயன் உண்டு என்பதை ஆராய்ச்சிகள் உறுதி செய்திருக்கின்றன. எனினும் அது நாள்தோறும் சிறிது சிறிதாகத் தசைகளில் சேர்ந்து பயன் தருவது. அரைமணி நேரத்தில் ஆற்றலை எழுப்புவது அன்று.

ஆகவே காஃபீனுக்கே வருவோம். 1819-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே என்பவர் அதைக் காப்பிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். அவருக்குக் காப்பிக்கொட்டையைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் மகாகவி கதே என்பது சுவையான செய்தி. காஃபீன் நமக்கு ஆற்றலைக் கொடுக்கிறதா? இல்லை. ஆற்றல் நாம் உண்ட சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் வருவது. காஃபீன் செய்வது வேறொரு காரியம். நாம் விழித்திருந்து உழைக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் மெல்ல மெல்லச் சேருகிறது. நரம்பணுக்களின் மேல் அதற்கென்று அமைந்த ஏற்பிடங்கள் இருக்கின்றன. அடினோசின் அவற்றில் போய் அமரும்போதுதான், "போதும், ஓய்வு கொள்" என்ற செய்தி நமக்குக் கிடைக்கிறது. காஃபீனின் மூலக்கூறு உருவத்தில் அடினோசினை ஒத்தது. அது முந்திக்கொண்டு ஏற்பிடத்தில் அமர்ந்துவிடும். ஆனால் செய்தியைச் சொல்லாது. பூட்டில் நுழைந்தும் திறக்காத சாவி என்று அதைக் கருதலாம். களைப்பு அங்கேயே இருக்கிறது. களைப்பின் குரல் மட்டும் நம் காதில் விழுவதில்லை. அதோடு அட்ரினலின் சுரப்பும் மிகுந்து, இருதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் சற்று உயர்கிறது.

காஃபீனுக்குப் பயனே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 முதல் 6 மில்லிகிராம் வரை உட்கொண்டால், நெடுந்தூரம் ஓடுவோர்க்கும் சைக்கிள் ஓட்டுவோர்க்கும் சிறிதளவு முன்னேற்றம் உண்டாகிறது என்பது பலமுறை சோதித்து அறியப்பட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 180 மில்லிகிராம் போதும். அது ஏறக்குறைய இரண்டு கோப்பைக் காப்பி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமும் 2004 ஜனவரி முதல் காஃபீனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நல்ல உடல்நலமுள்ள வயதுவந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை உட்கொள்வதால் பொதுவாகத் தீங்கு இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கூறுகிறது. ஒரே வேளையில் 200 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2015-இல் கூறியது. இந்த எண்கள் வயதுவந்தோர்க்கு உரியவை என்பதைப் பள்ளி மாணவர்கள் மறந்துவிடலாகாது.

இனிப் பொடியின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் பெருவழக்காக விற்பனையாகும் நூறு ஊக்கப்பொடிகளின் பெயர்ச்சீட்டுகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வேளை அளவில் சராசரியாக 254 மில்லிகிராம் காஃபீன் இருந்தது. இங்கே ஓர் ஒப்புமை கூறலாம். நம் நாட்டில் சீசாவிலும் தகரக் குவளையிலும் விற்கும் காஃபீன் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016-இல் வரம்பு வகுத்தது. ஒரு லிட்டர் பானத்தில் இருக்கத்தக்க காஃபீனை, குவித்து அள்ளிய ஒரு கரண்டிப் பொடி எளிதாக எட்டிவிடுகிறது. இரண்டு கரண்டி போட்டால் இரட்டிப்புப் பலம் வரும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். காப்பி குடித்துவிட்டு வந்து பொடியையும் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் தண்ணீரே இல்லாமல், உலர்ந்த பொடியை வாயில் கொட்டிக்கொண்டு அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். இதைவிடப் பேதைமை வேறில்லை. பொடி மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும் என்பது ஒரு புறம். தண்ணீரில் கலந்து நிதானமாகப் பருகவேண்டிய அளவு முழுவதும் ஒரே நொடியில் வயிற்றுக்குப் போய்விடும் என்பது மற்றொரு புறம்.

பொடியில் கலந்த காஃபீனே இப்படியென்றால், கலப்பற்ற காஃபீன் தூளைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. ஒரு தேக்கரண்டித் தூள் 28 கோப்பைக் காப்பிக்குச் சமம் என்று அமெரிக்க நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. 2021 ஜனவரியில் வேல்ஸ் நாட்டில் 29 வயதுள்ள ஒருவர் உயிர் நீத்தார். அவர் பிறருக்குத் தேகப்பயிற்சி கற்பிப்பவர். உடலைப் பேணத் தெரிந்தவர். காஃபீன் தூள் வாங்கினார்; தராசு கொண்டு நிறுக்கவும் செய்தார். ஆனால் அந்தத் தராசு 2 கிராமுக்குக் குறைந்த எதையும் காட்டாதது. அவருக்கு வேண்டியிருந்ததோ ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானது. காய்கறி நிறுக்கும் தராசில் பொன் நிறுக்க முயன்றது போல் ஆயிற்று. அருந்திய சிறிது நேரத்தில் இருதயம் தாறுமாறாகத் துடித்தது; மருத்துவர்களால் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. அளவாக இருந்தால் துணைசெய்யும் அதே பொருள், பத்து இருபது மடங்கானால் இருதயத்தின் தாளத்தையே குலைத்துவிடுகிறது. இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள தூரம், கண்ணால் பார்த்தால் ஒரு கரண்டிதான்.

அப்படியானால், பெயர்ச்சீட்டைப் படித்து அளவறிந்து உண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர்ச்சீட்டு உண்மையைச் சொல்கிறதா என்பதே இங்குள்ள சிக்கல். சற்றுமுன் கூறிய நூறு பொடிகளின் ஆராய்ச்சியில், உள்ளடங்கிய பொருள்களில் 44 சதவீதம் 'தனிக் கலவை' என்ற ஒரே தலைப்பின் கீழ் மறைக்கப்பட்டிருந்தன. கலவையின் மொத்த எடை தெரியும்; ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது தெரியாது. 2023-இல் அமெரிக்க மருத்துவர் பீட்டர் கோஹனும் அவர் குழுவினரும் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆற்றலைப் பெருக்கும் தாவரச் சத்துகள் கொண்டவை என்று விற்கப்பட்ட 57 டப்பாக்களை வாங்கி இரசாயனச் சோதனை செய்தார்கள். அவற்றுள் 23 டப்பாக்களில், பெயர்ச்சீட்டில் எழுதியிருந்த பொருள் சிறிதும் இல்லை! எழுதிய அளவுக்கு நெருக்கமாக இருந்தவை ஆறே ஆறு. ஏழு டப்பாக்களில் சட்டம் தடைசெய்த பொருள் ஏதேனும் ஒன்று கலந்திருந்தது. மளிகைக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்புக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தால் பொட்டலத்துக்குள் ஒன்றுமே இல்லை என்றால் நாம் சும்மா இருப்போமா? இங்கே சும்மா இருக்கிறோம். ஏனெனில் நமக்குத் தெரிவதில்லை.

தடைசெய்த பொருள் எப்படி டப்பாவுக்குள் வருகிறது என்பது தனிக் கதை. பந்தயத்தில் வெல்ல ஊக்கப்பொருளைத் தேடும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியது அன்று. 1904-ஆம் ஆண்டு செயிண்ட் லூயி நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில், தள்ளாடிக்கொண்டே ஓடிய தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு அவருடைய துணைவர்கள் எட்டிக்கொட்டையின் நஞ்சாகிய ஸ்டிரிக்னைனை முட்டை வெண்கருவில் கலந்து வழியிலேயே கொடுத்தார்கள். பின்னர் பிராந்தியும் கொடுத்தார்கள். அவர் வென்றார். ஆனால் உயிரோடு மீண்டது அவருடைய நல்ல காலம். 1967 ஜூலை 13-ஆம் நாள், பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தில் மோன் வான்டூ மலையேற்றத்தின்போது டாம் சிம்ஸன் என்ற ஆங்கில வீரர் கொடிய வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்ஃபிட்டமின் என்ற ஊக்கமருந்து இருந்தது. அவருக்கு அப்போது வயது 29.

ஆம்ஃபிட்டமினுக்குக் கெடுபிடி வந்தது. எஃபிட்ரா என்னும் சீன மூலிகை அரங்கேறியது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று பலரும் எண்ணினர். 2003 பிப்ரவரியில் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது வெப்பத்தாக்கால் இறந்தார். அவர் உட்கொண்ட எஃபிட்ராவுக்கும் அதில் பங்கு உண்டு என்று பிணப் பரிசோதனை செய்த மருத்துவர் கூறினார். அவருக்கு வயது 23. மறு ஆண்டு ஏப்ரலில் எஃபிட்ரா கலந்த பொடிகளுக்கு அமெரிக்காவில் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்குள் வேறொன்று தயாராகிவிட்டது. 1940-களில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாகச் செய்யப்பட்டு, 1983-இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட மெத்தில்ஹெக்ஸனமின் என்ற இரசாயனப் பொருளைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஜெரேனியம் செடியில் இயற்கையாக இருப்பது என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். டி.எம்.ஏ.ஏ. என்ற சுருக்கப் பெயரோடு அது ஊக்கப்பொடிகளில் புகுந்தது. 2012 ஏப்ரலில் லண்டன் மாரத்தானில் ஓடிய 30 வயதுப் பெண்மணி ஒருவர், முடிவெல்லைக்கு ஏறத்தாழ ஒரு மைல் இருக்கும்போது விழுந்து இறந்தார். அவருடைய தண்ணீர்ப் புட்டியில் கலந்திருந்த பொடியில் அந்தப் பொருள் இருந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். ஈராண்டு கழிவதற்குள், அதே பொருளின் மூலக்கூற்றைச் சிறிதே மாற்றிய வேறொன்று டப்பாக்களில் காணப்பட்டது.

இந்த வரலாறு நம் நாட்டையும் தொட்டிருக்கிறது. 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, நம் மல்யுத்த வீரர்கள், நீச்சல் வீரர்கள் சிலருடைய சிறுநீர்ச் சோதனையில் மெத்தில்ஹெக்ஸனமின் காணப்பட்டது. அந்த விளையாட்டுகளிலேயே பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்ற நைஜீரிய வீராங்கனை, அதே பொருளின் காரணமாகப் பதக்கத்தை இழந்தார். "டப்பாவில் இருந்தது எனக்குத் தெரியாது" என்று சொல்வது அங்கே செல்லாது. வீரரின் உடலில் என்ன இருந்தாலும் அதற்கு அவரே பொறுப்பு என்பது விதி. மாவட்டப் போட்டியிலும் பல்கலைக் கழகப் போட்டியிலும் ஓடி, நாளை நாட்டுக்காக ஓடலாம் என்று கனவு காணும் மாணவர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ளவேண்டும்.

மேலே கூறிய மரணங்களில் வெயில் ஒரு பங்காளியாகத் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை உடல் இரண்டு வழிகளில் வெளியேற்றுகிறது. இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையை ஆவியாக்குகிறது. ஆம்ஃபிட்டமின், எஃபிட்ரின் போன்ற ஊக்கப்பொருள்கள் தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. வெப்பம் உள்ளேயே தங்குகிறது. இது முதல் கேடு. இரண்டாவது கேடு இன்னும் பெரியது: உடல் சூடேறும்போது, "நிறுத்து" என்று மூளை இடும் கட்டளை மழுங்கிவிடுகிறது. சாதாரண மனிதன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் இடத்தில், ஊக்கமருந்து உண்டவன் நிற்காமல் ஓடுகிறான். அவனுடைய மனவுறுதியே அவனைக் கொன்றுவிடுகிறது. சென்னையின் மே மாத வெயிலில், காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையில் எடை தூக்குபவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு நேரும் வேறொரு நட்டம் சத்தமில்லாதது. காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்குவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். கல்லூரி முடிந்து மாலை 7 மணிக்கு 300 மில்லிகிராம் உட்கொண்டால், நள்ளிரவில் 150 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். ஒன்றரைக் கோப்பைக் காப்பியைக் குடித்துவிட்டுப் படுப்பதுபோல் அது. உறங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் உறக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. தசை வளர்வது எடையைத் தூக்கும்போதன்று. பின்னர் உண்டு, ஓய்ந்து, உறங்கும்போது. உறக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் சோர்வு; சோர்வைப் போக்க மீண்டும் பொடி. சில வாரங்களில் மூளை தன் ஏற்பிடங்களைப் பெருக்கிக்கொள்கிறது. முன்பு ஒரு கரண்டியில் கிடைத்த துள்ளல் இப்போது ஒன்றரைக் கரண்டியில்தான் கிடைக்கிறது. பொடியை ஒருநாள் விட்டால் தலைவலி வருகிறது.

இருதயக் கோளாறு, இரத்த அழுத்தம், வலிப்பு, மனப்பதற்றம் உடையவர்களும், ஆஸ்துமாவுக்கோ சளிக்கோ மருந்து உண்பவர்களும் டாக்டரைக் கேளாமல் இந்தப் பொடிகளைத் தொடலாகாது. இருதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக்குறை இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்வது அவசியம். காஃபீன் முதலிய ஊக்கப்பொருள்கள் கலந்த பானங்களுக்குச் சிறுவர், வளரிளம் பருவத்தினர் உணவில் இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இல் கூறியது. பள்ளி மாணவர்களுக்கு என் கருத்தும் அதுவே. கல்லூரி மாணவர் ஒருவர் பயிற்சிக்கு முன்பு ஊக்கம் வேண்டும் என்று வற்புறுத்தினால், மாலை 4 மணிக்கு ஒரு கோப்பைக் காப்பியும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதில் என்ன இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியும்.

பொடி உண்டபின் நெஞ்சு படபடத்து நிற்காமலிருந்தாலும், நெஞ்சில் வலி, இடைவிடாத வாந்தி, கை நடுக்கம், மயக்கம், வலிப்பு, மனக்குழப்பம் இவற்றுள் எது தோன்றினாலும், பயிற்சியை அக்கணமே நிறுத்தவேண்டும். "சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. உடல் அனலாகக் கொதித்தால் நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டே 108-க்குச் சொல்லவேண்டும். காஃபீன் நஞ்சுக்கு நேரான மாற்று மருந்து கிடையாது. இருதயத்தின் துடிப்பை அடக்கவும் இரத்தத்தைச் சுத்தம் செய்யவும் வசதியுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு விரைவில் போய்ச் சேர்கிறோமோ அவ்வளவு நல்லது. உட்கொண்டது என்ன, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்பவற்றை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். உடன் செல்லும் நண்பர்கள் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். பெயர்ச்சீட்டில் எழுதாத பொருளும் உள்ளே இருக்கக்கூடும் ஆதலால், மிஞ்சிய பொடியைக் கொட்டிவிடாமல், கரண்டியோடு அப்படியே ஒப்படைக்க வேண்டும்.